நேர்ந்துவிட்ட கை

மலேசியாவின் கிள்ளானில் கப்கேக் செய்யத் தெரியாத பெண்ணே இல்லை என்று ஆகிப்போன ஒரு காலம் சமீபத்தில் வந்தது. ஷா ஆலமில் இருந்த எலக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனது. வேலை இழந்த பெண்களுக்கு ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நல்ல மனதுக்காரர்கள் சிலர் நினைத்தார்கள். நினைத்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் கப்கேக்தான் ஞாபகத்துக்கு வந்தது போலிருக்கிறது. தனலெட்சுமியும் போய், ஊதா நிறக் க்ரீமில் ரோஜாப்பூ வைக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். அவள் கணவன் ராஜன் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் தின்றான். அடுத்த வாரம், "தனம், நான் லோரி ஓட்டுறவன்லா. எனக்கு ரெண்டு இட்லி போதும்," என்றான். அத்தோடு அந்தத் தொழில் முடிந்தது.

தனலெட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய கையோடு அந்தத் தொழிற்சாலைக்குள் போனவள், அது மூடிய அன்றுதான் வெளியே வந்தாள். இத்தனை வருஷமும் பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளைப் பார்த்து, நல்லது இந்தப் பெட்டி, கெட்டது அந்தப் பெட்டி என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் வெளியே யாருக்கும் தேவைப்படவில்லை. மகன் தனேஷ் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு, விடுதியில் இருந்தான். போர்ட் கிள்ளானில் ராஜனுக்கு லோரி ஓட்டம் முன்னைப்போல் இல்லை. அவளுக்கு வேலை வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

கூட வேலை பார்த்த வாணிதான் புனிதாவைப் பற்றிச் சொன்னாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே உள்ள அறையில், சனிக்கிழமைதோறும், அடுத்து என்ன வேலைக்குப் போவது என்று திகைத்து நிற்பவர்களை உட்கார வைத்துப் பேசுகிறவள். அதற்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். வந்த மனுக்களில் பாதியைப் படிக்காமலே குப்பையில் போடச் சொன்ன அந்த வேலை பிடிக்காமல், அதை விட்டுவிட்டு வந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய வகுப்பில் பேனாவும் கிடையாது, தாளும் கிடையாது. வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"போன ஒரு வருஷத்துல, உடம்பு ஒடிஞ்சு போற மாதிரி களைச்சும், வீட்டுக்குப் போக மனசே வராம நின்ன நாள் எது?"

கொம்யூட்டர் மின்ரயிலில் கே.எல். சென்ட்ரல் நிலையம் வரை வந்து, வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தால், இப்படியொரு கேள்வி. ஒருவர் மகள் கல்யாணத்தைச் சொன்னார். ஒரு பெண் துரியான் சீசனில் மாமா கடையில் உதவிய வாரத்தைச் சொன்னாள். தனலெட்சுமியின் முறை வந்தபோது, யோசிக்காமலே அவள் வாயில், "தைப்பூசம்," என்று வந்துவிட்டது.

"காவடியா அக்கா?"

"இல்லம்மா. பத்துமலையில எங்க ஆளுங்க தண்ணீர்ப்பந்தல் போடுவாங்க. மோரு, தண்ணி, சோறு எல்லாம் உண்டு. சமைக்கிறது ஆம்பளைங்க. பந்தலுக்கு முன்னால லைன் நிக்கும் பாருங்க, அதுக்கு நானு."

அவ்வளவோடு நிறுத்தியிருப்பாள். ஆனால் புனிதா விடாமல் கேட்கக் கேட்க, தொழிற்சாலையைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லத் தெரியாதவள் பேசிக்கொண்டே போனாள். கைப்பிள்ளையோடு வருபவள் யார், பால்குடம் இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு வருபவள் யார், யாருக்குக் கண் சொருகுகிறது என்று பார்த்து முன்னால் விட வேண்டும். பின்னால் நிற்பவன் கோபித்துக்கொள்ளாமலும் விட வேண்டும். "உறுமி அடிக்கிற பையனுங்க கும்பலா வந்து இடிப்பானுங்க. திட்டினா சண்டைதான். அதனால, அதுல யாரு ரொம்ப சத்தம் போடுறானோ, அவன்கிட்ட கப் அடுக்கக் கொடுத்திருவேன். அப்புறம் அவனே மத்தவனுங்கள வரிசையில நில்லுடான்னு அதட்டுவான்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேலை போனதிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"அக்கா, இதான் உங்க வேலை. கூட்டத்தப் பாத்துக்கிறது. இதுக்கு வெளிய சம்பளம் இருக்கு," என்றாள் புனிதா.

சிரிப்பு நின்றுவிட்டது. தனலெட்சுமி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சாமிக்குச் செஞ்சத வித்துச் சாப்பிடச் சொல்றியாம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தனேஷ் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். உள்ளங்கை அளவுப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கிலும் வாயிலும் குழாய் மாட்டியிருந்தார்கள். தொடக்கூட விடவில்லை. பெற்றவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "முருகா, இந்தப் பிள்ளைய எனக்குக் கொடு. இந்த ரெண்டு கையும் உனக்கு. உன் வாசலுக்கு வர்றவங்களுக்குச் செய்யறேன், ஒரு காசு தொட மாட்டேன்," என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. அடுத்த தைப்பூசத்திலிருந்து அவள் பந்தலில் நிற்கிறாள்.

கடவுளோடு ஒப்பந்தம் போடுகிறபோது நம்மவர்கள் வக்கீல் வைத்துக்கொள்வதில்லை. எது வரைக்கும், எதெல்லாம் சேர்த்தி, எது சேராது என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. அழுகையில் ஒரு வார்த்தை வந்துவிடும், பிறகு ஆயுசு முழுக்க அதற்குப் பயந்துகொண்டு இருப்பார்கள். தனலெட்சுமியின் பயம் இதுதான்: பந்தலில் செய்கிற காரியத்தைக் காசுக்குச் செய்தால் வாக்குத் தவறிவிடும். வாக்குத் தவறினால் கொடுத்ததைச் சாமி திருப்பிக் கேட்கும். கொடுத்தது தனேஷ்.

ஆகவே, சாமிக்குச் சம்பந்தமே இல்லாத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தாள். மேரு ரோட்டில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தரை துடைக்கும் வேலை.

சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம் அது. காலை, மதியம், மாலை என்று மூன்று நேரம் ஆட்கள் மாறுவார்கள். முதலில் மெஷினில் ஏறுபவர் முதலில் இறங்குவார், அதனால் யார் முதலில் என்பதில் தினமும் தகராறு. தமிழில் ஒருவர் கத்துவார், மலாயில் இன்னொருவர், ஹொக்கியனில் ஒரு சீனக் கிழவி. எல்லோரும் பாவம், களைத்துப்போனவர்கள். தண்ணீர்கூட ஆசை தீரக் குடிக்கக் கூடாதவர்கள். வாய் உலர்ந்த மனிதருக்குக் கோபம் சுருக்கென்று வரும் என்பது, வருஷா வருஷம் மோர் ஊற்றியவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தரையைத் துடைத்தாள்.

ஒரு நாள் காலையில் இரண்டு மெஷின் ஓடவில்லை. கூடம் நிரம்பிவிட்டது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற தம்புசாமி என்ற பெரியவர், ஊன்றுகோலால் கவுன்டரைத் தட்டி, "நான் ஆறு மணிக்கே வந்தேன், எனக்கு அப்புறம் வந்தவன் எப்படி உள்ள போறான்?" என்று ஆரம்பித்தார். கவுன்டரில் இருந்த பெண் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். தாதியர் எல்லோரும் உள்ளே மெஷின் பக்கம். தனலெட்சுமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பிறகு நடந்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை.

முதலில், மயங்கிச் சாய்ந்துகொண்டிருந்த ஹொக்கியன் கிழவியை வாசலோரமிருந்து எழுப்பி, உள்கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு தம்புசாமியிடம் போய், "அங்கிள், காப்பார்லேர்ந்து வேன்ல வந்தவங்க யாரு யாருன்னு எனக்குத் தெரியல. நீங்க எல்லாரையும் தெரிஞ்சவரு. கொஞ்சம் கூப்பிட்டு ஒரு பக்கமா உக்கார வைங்களேன்," என்றாள். பெரியவருக்கு இறங்கி வருவதா கத்துவதா என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஊன்றுகோலை உயர்த்திப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். கத்திய குரல் அப்படியே அந்த வேலைக்குப் பயன்பட்டது.

மையத்தின் பொறுப்பாளர் ஹலீமா. எல்லோருக்கும் சிஸ்டர் ஹலீமா. அவர் வெளியே வந்தபோது, கூடம் சந்தடியில்லாமல் இருந்தது. தனலெட்சுமி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "சிஸ்டர், ஒரே வேன்ல வந்தவங்கள ஒண்ணாவே மெஷின்ல ஏத்திட்டா ஒண்ணாவே இறங்கிருவாங்க. இப்ப ஒருத்தருக்காக மத்த நாலு பேரு ரெண்டு மணி நேரம் காத்துக் கெடக்காங்க. அந்த எரிச்சல்தான் மறுநாள் இங்க வருது."

அவர்கள் அப்படியே செய்து பார்த்தார்கள். அந்த வாரத்திலிருந்து சத்தம் குறைந்தது. மாதக் கடைசியில் ஹலீமா அவளைக் கூப்பிட்டு, "தனம் அக்கா, இனிமே துடைப்பம் வேணாம். கூடத்த நீங்க பாத்துக்குங்க. யாரு எப்ப, யாரு கூட யாருன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். கம்ப்யூட்டர் நான் சொல்லித் தரேன். சம்பளமும் வேற," என்றார்.

வேறு எந்தப் பெண்ணும் அந்த இடத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பாள். தனலெட்சுமி, "யோசிச்சுச் சொல்றேன் சிஸ்டர்," என்றாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும் என்றிருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் அந்த ஆசையோடு வேலைக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள் தனேஷ் விடுதியிலிருந்து போன் பண்ணி, காய்ச்சல் என்றான்.

தனலெட்சுமி போனை வைத்துவிட்டு ராஜனிடம் வந்தாள். "பாத்தீங்களா? அந்தச் சம்பளத்த நான் இன்னும் வாங்கக்கூட இல்ல. மனசால நினைச்சதுக்கே," என்றாள். வேண்டுதல் விவகாரம் முழுவதும் ராஜனுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு விடுதிக்கு வண்டியை விட்டான். பையன் போர்வைக்குள் இருந்து தலையை நீட்டி, "அம்மா, வெறும் ஃப்ளூமா. கிளினிக் போயாச்சு," என்றான். அறையில் இருந்த மற்ற மூன்று பையன்களும் அதே மாதிரி போர்வைக்குள் கிடந்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது ராஜன் மெதுவாக ஓட்டினான். பிறகு, "மத்த மூணு பையனுங்களோட அம்மாவும் முருகனுக்கு நேர்ந்தத வித்துச் சாப்பிட்டுட்டாங்களா?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. பயத்துக்கு நியாயம் சொன்னால் காதில் ஏறுமா என்ன.

அந்தச் சனிக்கிழமை அவள் மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ் போனாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போகும் வரை படியிலேயே நின்றிருந்தாள். புனிதா அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அக்கா, அன்னைக்கு நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன். நீங்க போனதிலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல," என்றாள். தனலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிப் பெட்டி, வேண்டுதல், மையம், காய்ச்சல். இந்த வேலையை எடுங்கள் என்று புனிதா சொல்லியிருந்தால், தனலெட்சுமி இன்னொரு தடவை எழுந்து போயிருப்பாள்.

"எனக்கு வேலைய பத்திதான்க்கா தெரியும். வேண்டுதல பத்தி நான் என்ன சொன்னாலும் தப்பாப் போயிரும். ஆனா, பந்தல்ல உங்ககூட நிக்கிறவங்க யாரு? அவங்கள்லாம் மத்த நாள்ல என்ன பண்றாங்க? அவங்கள்ல ஒருத்தரக் கேட்டுப் பாருங்களேன்."

பந்தலுக்குத் தலைவர் வாசு அண்ணன். வயரிங் வேலை செய்பவர். அப்போது செமினியில் ஒரு புதுக் குடியிருப்பில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை ராஜன் அவளை அங்கே கூட்டிப்போனான். வாசு ஏணி மேல் நின்றபடியே கதையைக் கேட்டார். பாதியில் இறங்கி வந்து, சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"தைப்பூசத்துக்குப் பந்தல்ல லைட்டு யாரு போடுறா?"

"நீங்கதான்."

"இந்த வீட்டுக்கு?"

"அது வேற அண்ணே," என்றாள் தனலெட்சுமி. அவர் எங்கே போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வழியெல்லாம் அவளும் அதை யோசித்துப் பார்த்துத்தான் வந்தாள். "நீங்க வெளிய தொழில் கத்துக்கிட்டு, அத சாமிக்குக் கொண்டாந்து கொடுக்கிறீங்க. லோரிக்காரர் லோரி கொடுக்கிறாரு. கடைக்காரர் அரிசி கொடுக்கிறாரு. நான் சாமிக்குன்னு கொடுத்தத எடுத்துட்டு வந்து வெளிய விக்கணும். ரெண்டும் ஒண்ணா?"

வாசு டெஸ்டரைப் பையில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். ராஜன் வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கொடுத்தேன்னு சொல்ற," என்றார் வாசு கடைசியில். "மொத வருஷம் நீ வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மோர் வாளியக் கவுத்த. ஒருத்தன் அதட்டினான்னு லோரிக்குப் பின்னால போய் நின்னு அழுத. என் வீட்டுக்காரி வந்து, இந்தப் பொண்ணு நாளைக்கு வராதுன்னு சொன்னா. அப்ப உன் கையில என்ன இருந்துச்சு தனம், கொடுக்கிறதுக்கு?"

தனலெட்சுமி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

"வெறுங்கையோடதான வந்த. வருஷா வருஷம் அவ்ளோ ஜனத்த உனக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தி, கோவக்காரன், பசிக்காரன், மயங்கி விழுறவன்னு எல்லா ரகத்தையும் அனுப்பி, உனக்குக் கத்துக் கொடுத்தது யாரு? காலேஜுக்குப் போயிருந்தா ஃபீஸ் கட்டியிருக்கணும். இங்க உனக்குச் சோறும் போட்டு சொல்லிக் கொடுத்திருக்காங்க. நீ அவருக்குக் கொடுத்தன்னு இத்தன வருஷமா நினைச்சிட்டு இருக்க. அவரு உனக்குக் கொடுத்திருக்காருமா. பிள்ளையையும் கொடுத்து, அந்தப் பிள்ளையப் படிக்க வைக்கத் தொழிலையும் கொடுத்திருக்காரு. நீ வேணாம்னு திருப்பி நீட்டுற. வாங்குனத திருப்பிக் கொடுத்தாதான் கோச்சுக்குவாங்க."

தனலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. இத்தனை வருஷம் கடன்காரியாகவே நின்று பழகிப்போனவளிடம், நீ கொடுத்துவைத்தவள் என்று ஒருவர் சொன்னால், அதைத் தாங்கிக்கொள்ளவும் தெம்பு வேண்டியிருக்கிறது. அந்தப் பந்தலில் கத்தியவன், இடித்தவன், கண் சொருகி விழுந்தவள் என்று ஒவ்வொருவர் முகமும் அவளுக்கு நினைவு வந்தது. அவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

"தைப்பூசத்தன்னிக்கு லீவு கேட்டு வாங்கிக்க. அன்னிக்கு மட்டும் நீ வரலேன்னா நானே கோச்சுக்குவேன்," என்று சொல்லிவிட்டு வாசு ஏணியில் ஏறினார்.

திங்கட்கிழமை ஹலீமாவிடம் சரி என்று சொன்னாள். கம்ப்யூட்டர் ஒரு மாதம் படுத்தியது. மவுஸை இந்தப் பக்கம் இழுத்தால் திரையில் அம்பு அந்தப் பக்கம் போகும். ஹலீமா பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தம்புசாமி, தன்னைக் கேட்காமல் கூடத்தில் ஒன்றும் நடக்காது என்று வேன் ஓட்டுநர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் அந்த ஹொக்கியன் கிழவி, பையில் நான்கு ஆரஞ்சு கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பழம், கிழவியே சாப்பிடக் கூடாதது. தனலெட்சுமி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ராஜனுக்கும் கொடுக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். புனிதாவின் வகுப்புக்கும் ஒரு தடவை போய் வந்தாள், வடையோடு. கப்கேக் கொண்டுவரவில்லையே என்று வாணி கேலி செய்தாள்.

புது வேலையின் முதல் சம்பளம் வந்ததும், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பத்துமலைக்குப் போனார்கள். தைப்பூசத்தைத் தவிர வேறு நாளில் அவள் அங்கே போனது குறைவு. கூட்டமே இல்லை. புறாக்களும் சில சுற்றுலாக்காரர்களும்தான். ராஜன் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் லைன்ல இன்னைக்கு ஆளே இல்ல," என்றான்.

மேலே சன்னிதியில் தேங்காய் பழத் தட்டை நீட்டினாள். குருக்கள் வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார்.

எப்போது கேட்டாலும் அவள் வாயில் தயாராக இருக்கும் பதில் ஒன்றுதான். தனேஷ், விசாக நட்சத்திரம். ராஜனே அதை அவளுக்கு முன்னால் சொல்ல வாயெடுத்தான். தனலெட்சுமி அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க குருக்களே."

குருக்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ராஜன் குனிந்து, "பிள்ளை பேர் சொல்லலியா?" என்று மெல்லக் கேட்டான்.

"நாம இன்னைக்கு ஒண்ணும் கேக்க வரலீங்க," என்றாள்.

மணி அடித்தது. மகன் பெயரைச் சொல்லாமல் அந்தச் சன்னிதியில் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. பயமாக இருக்கிறதா என்று தன்னையே ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொண்டாள். இல்லை.